கோடோவுக்குக் காத்திருந்து சலித்தவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வாசிப்புக் கூட்டம் நடக்கிறது. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பெரியவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், தமிழ் வகுப்புக்குப் போகும் இளையவர்கள் இரண்டு மூன்று பேர். புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் பேச்சு தமிழில்தான். இந்தக் குளிர்காலத்தில் அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தை எடுத்தோம். அதைச் சொன்னது நான். ஒரு வாரத்துக்குள் குறைகள் வர ஆரம்பித்துவிட்டன. “படிச்சேன், ஒண்ணும் புரியல.” “இதுக்கா நோபல் பரிசு?” “அக்கா, நல்ல கதையா ஒண்ணு எடுத்திருக்கலாமே.” கேட்டவர்கள் எல்லோரும் ஊன்றிப் படிக்கிறவர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் பதிலை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கதையைச் சொல்லுங்கள். இதில் என்னதான் நடக்கிறது?

ஒரு நாட்டுப்புறச் சாலை, ஒரு மரம், சாயங்காலம். விளாதிமிர், எஸ்ட்ரகன் என்று இரண்டு நாடோடிகள் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். பொஸ்ஸோ என்ற பண்ணைக்காரர் வருகிறார். அவர் கையில் கயிறு, கயிற்றின் மறுமுனை லக்கி என்ற வேலையாளின் கழுத்தில். சற்று நேரம் இருந்துவிட்டுப் போகிறார்கள். இருட்டும் நேரத்தில் ஒரு சிறுவன் வந்து, கோடோ இன்று வரமாட்டார், நாளை கட்டாயம் வருவார் என்று சொல்கிறான். முதல் அங்கம் அவ்வளவுதான். இரண்டாம் அங்கம் மறுநாள். மரத்தில் நாலைந்து இலை துளிர்த்திருக்கிறது. பொஸ்ஸோவுக்குக் கண் போய்விட்டது, லக்கிக்குப் பேச்சு போய்விட்டது. மறுபடியும் சிறுவன், மறுபடியும் அதே சேதி.

1956இல் விவியன் மெர்சியர் என்ற அயர்லாந்து விமர்சகர், இது ‘ஒன்றுமே நடக்காத நாடகம், அதுவும் இரண்டு தடவை’ என்று எழுதினார். பலர் இதைக் கிண்டலாக எடுத்துச் சொல்கிறார்கள். அவர் பாராட்டித்தான் எழுதினார். ஒன்றும் நடக்காமலேயே பார்ப்பவர்களை நாற்காலியில் கட்டிப்போட்டு விடுகிறாரே என்பதுதான் அவருடைய வியப்பு.

சரி, கோடோ யார்? கடவுள்தானே?

எங்கள் கூட்டத்திலேயே நாலு பதில் வந்தது. முருகன் என்றார் ஒருவர். விடுதலை என்றார் இன்னொருவர். அரசாங்க வீட்டுக்குப் பெயர் கொடுத்துப் பதினோரு வருடமாகக் காத்திருக்கும் ஒரு அம்மா, “எனக்கு வரவேண்டிய கடுதாசி” என்றார். மரணம் என்றான் ஒரு பையன்.

பெக்கெட்டிடம் இதைக் கேட்காதவர்கள் இல்லை. அமெரிக்க இயக்குநர் ஆலன் ஷ்னைடர் கேட்டபோது, தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்றார். மழுப்பினார் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயரில் கடவுளைக் குறிக்கும் ‘காட்’ ஒலிப்பது ஆங்கிலக் காதுக்கு. அவர் இதை முதலில் எழுதியது பிரெஞ்சில், 1948 அக்டோபருக்கும் 1949 ஜனவரிக்கும் நடுவே. அந்த மொழியில் கடவுளுக்கு வேறு சொல். பழைய பூட்சைக் குறிக்கும் பிரெஞ்சுக் கொச்சைச் சொற்களின் ஒலிதான் ‘கோடோ’வுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. நாடகம் தொடங்குவதே எஸ்ட்ரகன் காலைக் கடிக்கும் பூட்சோடு மல்லுக்கட்டுவதில்தான்.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் சலிப்பில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. விடுகதைக்கு விடை தேடுகிற மாதிரி படித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஏமாற்றம்தான். வராதவரைப் பற்றி நாடகத்தில் அதிகம் இல்லை. இருக்கும் இரண்டு பேரைப் பற்றித்தான் எல்லாமே. அவர்களைப் பாருங்கள்.

நாற்பது பக்கத்துக்கு மேல் நகரவில்லை. குறை என்னிடமா, புத்தகத்திடமா?

உங்களிடம் இல்லை. தனியாக, மனதுக்குள், நாவல் படிக்கிற வேகத்தில் படித்தால் இது பிடிபடாது. வசனத்துக்கு நடுவே ‘மௌனம்’ என்று எழுதியிருப்பதைக் கண் தாண்டிப் போய்விடும். மேடையில் அதுதான் நாடகத்தின் பெரும்பகுதி.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கராஜில் கூட்டம். வெளியே குளிர்காற்று, நடுவில் தேநீர் பிளாஸ்க். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மாமா ஒருவரை எஸ்ட்ரகனாகவும், கல்லூரிப் பையன் ஒருவனை விளாதிமிராகவும் உட்காரவைத்தேன். ஒரே ஒரு விதிதான். ‘மௌனம்’ என்று வரும் இடத்தில் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த வரி. முதல் மௌனத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவதில் நாற்காலி கிரீச்சிட்டது. மூன்றாவதில் தெருமுனையில் நாய் குரைப்பது கேட்டது, யாரும் அசையவில்லை. அப்புறம் கேரட் வரும் இடம். பசிக்கிறது என்கிறான் எஸ்ட்ரகன். விளாதிமிர் பையைத் துழாவி முதலில் டர்னிப்பைக் கொடுத்துவிடுகிறான். எஸ்ட்ரகன் முகம் சுளிக்க, மறுபடி துழாவி ஒரு கேரட்டை எடுக்கிறான். இதுதான் கடைசி, பார்த்துச் சாப்பிடு என்கிறான்.

அந்த மாமா நிஜமாகவே கையை நீட்டினார். பையன் சட்டைப் பையில் கையை விட்டு வெறுங்கையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். இருபது வருடமாக இந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அந்தக் கேரட் எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் பட்டது.

ஆகவே நாற்பதாம் பக்கத்தில் நின்றவர்கள் திரும்ப முதல் பக்கத்துக்கே போய், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். பத்துப் பக்கம் போதும்.

லக்கி பேசுகிற அந்த நீளமான உளறல் அச்சுப் பிழையா?

இல்லை. யோசி என்று பொஸ்ஸோ கட்டளை போடுகிறார், தலையில் தொப்பியை வைத்ததும் லக்கி யோசிக்கிறான். முற்றுப்புள்ளியே கிடையாது. எல்லாரையும் நேசிக்கிற, ஆனால் சிலரை மட்டும் விட்டுவிடுகிற ஒரு கடவுள், என்ன முன்னேறினாலும் மெலிந்துகொண்டே போகும் மனிதன், கடைசியில் குளிர்ந்த கல்லாகக் கிடக்கும் பூமி. இந்த மூன்று இழையையும் பிடித்துக்கொள்ளுங்கள், மீதியை ஓட விடுங்கள். தொப்பியைப் பிடுங்கினால்தான் பேச்சு நிற்கும்.

ஒன்றும் நடக்காத நாடகத்தை உலகமே எதற்காகக் கொண்டாடுகிறது?

உலகம் எடுத்த எடுப்பில் கொண்டாடவில்லை. 1953 ஜனவரி 5 அன்று பாரிஸின் பாபிலோன் அரங்கில் முதல் மேடையேற்றம். இயக்கிய ரோஜே பிளேன் பொஸ்ஸோவாகவும் நடித்தார். அந்த ஆட்டங்களிலும் கோபப்பட்டு எழுந்து போனவர்கள் உண்டு. 1955 ஆகஸ்டில் லண்டன் ஆர்ட்ஸ் தியேட்டரில் 24 வயது பீட்டர் ஹால் இயக்கியபோது நாளிதழ் விமர்சனங்கள் கைகொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதழ்களில் ஹெரால்ட் ஹாப்சன், கென்னத் டைனன் என்ற இரு விமர்சகர்கள் எழுதியதுதான் நாடகத்தைத் தூக்கி நிறுத்தியது. 1956 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியில் ‘இரு கண்டங்களையும் சிரிக்க வைத்த நாடகம்’ என்று விளம்பரம் செய்தார்கள். விடுமுறைக்கு வந்த வசதிக்காரர்கள் சிரிக்க வந்தார்கள், இடைவேளையோடு கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள். உங்கள் கோபம் நாடகத்தின் வயதுதான், எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். 1957 நவம்பர் 19, கலிபோர்னியாவில் சான் குவென்டின் சிறைச்சாலை. ஹெர்பர்ட் பிளாவ் இயக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ நடிகர் குழு 1,400 கைதிகள் முன் இதை நடத்தியது. இந்த நாடகம் தேர்வானதற்கு ஒரு காரணம் இதில் பெண் பாத்திரமே இல்லை என்பது. படித்தவர்களே திண்டாடிய நாடகத்தைக் கைதிகள் கத்திக் கலைத்துவிடுவார்கள் என்று நடிகர்கள் பயந்தார்கள். கைதிகள் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்கள். கோடோ யார் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நாள் போகாமல் உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அந்தச் சிறைக்குள் பின்னால் ஒரு நாடகக் குழுவே உருவானது.

இது வெள்ளைக்காரர்களின் கவலை. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இந்த நாடகத்துக்கு நம் நாட்டில் தனி வரலாறு உண்டு. 1962இல் ஜோகன்னஸ்பர்க்கின் டார்க்கே ஹவுஸில் அத்தோல் ஃபூகார்ட் கறுப்பின நடிகர்களை வைத்து இதை இயக்கினார். பார்ப்பவர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளுக்குத் தம் நாடகங்களைத் தர பெக்கெட் மறுத்துவிட்டார். 1976இல் மார்க்கெட் தியேட்டரில் கறுப்பின நடிகர்களோடு இதை மேடையேற்றிய பென்ஜி பிரான்சிஸ் நம்மவர். 1980இல் கேப் டவுன் பேக்ஸ்டர் தியேட்டரில் டொனால்ட் ஹோவார்த் இயக்க, அந்த இரண்டு நாடோடிகளாக ஜான் கானியும் வின்ஸ்டன் இன்ட்சோனாவும் நின்றார்கள். பொஸ்ஸோவாக நடித்தவர் வெள்ளையர். ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. நகரத்துக்குள் நடமாடக் கறுப்பர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியிருந்த ‘பாஸ்’ புத்தகத்தில் முத்திரை வாங்க வரிசையில் நின்று பாதி ஆயுளைத் தொலைத்தவர்கள் பார்க்கும் மேடையில், கறுப்பர் இருவர் சாலையோரம் நின்று, வருகிறேன் என்று சொன்னவருக்காகக் காத்திருக்கிறார்கள். இதற்கு உரை எழுத வேண்டுமா?

நம் கதைக்கும் வருகிறேன். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்தது. 1911 வரை வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர், அவர்களில் பெரும்பகுதி சென்னை வழியாக வந்தவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். அஞ்சு வருஷம் முடியட்டும், ஊருக்குப் போயிடலாம் என்று கரும்புக் காட்டில் சொல்லிக்கொண்டே கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

எங்கள் ஆயா டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தவர். 1950இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகு, வீட்டைக் காலிசெய்யச் சொல்வார்கள் என்று தெரியும். எப்போது என்றுதான் தெரியாது. இந்த மாதம் லாரி வரும், அடுத்த மாதம் வரும் என்று வருடக்கணக்காகப் பேச்சு. அந்த வருடங்களில் ஆயா மண்ணில் ஒரு செடிகூட வைக்கவில்லையாம். கறிவேப்பிலைக் கன்றைப் பெயின்ட் டப்பாவில் வளர்த்தார். வேர் முட்டி டப்பா பிதுங்கினால் அதைவிடப் பெரிய டப்பா. கடைசியில் லாரி வந்த அன்று, சாமி படத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கறிவேப்பிலை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாட்ஸ்வொர்த் வந்தார். அது இன்றும் எங்கள் பின்கட்டில் நிற்கிறது. நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் மரத்தில் நாலைந்து இலை என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பாதான் நினைவுக்கு வருகிறது.

இனி இதை வெள்ளைக்காரன் கவலை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பொஸ்ஸோ லக்கியை இழுத்து வருவதைப் பார்க்கவே சகிக்கவில்லை. இதில் என்ன சிரிப்பு?

சகிக்கக் கூடாது. நம் மூத்தவர்கள் பொஸ்ஸோவைப் பார்த்ததும் சாட்டையோடு நின்ற தோட்டத்துச் சர்தாரை, அதாவது கங்காணியைத்தான் சொன்னார்கள், அதில் தப்பில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஏவின வேலைக்குத் தவிர லக்கி மூட்டைகளைக் கீழே வைப்பதே இல்லை. ஏன் என்று கேட்கிறார்கள், பொஸ்ஸோ சுற்றி வளைக்கிறார். தன்னைக் கழற்றிவிடாமல் இருக்க லக்கி அப்படிச் செய்கிறான் என்கிறார் கடைசியில். இரண்டாம் அங்கத்தில் கயிறு குட்டையாகிவிடுகிறது. கண் தெரியாத எஜமானை இப்போது வேலையாள்தான் வழிநடத்துகிறான். ஆனாலும் கயிறு அவன் கழுத்தில்தான் இருக்கிறது.

அபத்த நாடகம் என்கிறார்களே, அப்படியென்றால்?

1961இல் மார்ட்டின் எஸ்லின் தம் நூலில் பெக்கெட், இயொனெஸ்கோ, அதாமோவ், ஜெனே போன்ற நாடக ஆசிரியர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்த பெயர். வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறதா என்று வாதம் செய்யாமல், அர்த்தம் நழுவிய நிலையை மேடையிலேயே காட்டுவது. தமிழில் ‘அபத்தம்’ என்றதும் தப்பு, முட்டாள்தனம் என்று தொனிப்பதால் நம்மவர்களுக்கு முதலிலேயே ஒரு மனத்தடை வந்துவிடுகிறது. புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பில் பெக்கெட்டே போட்ட பெயர் வேறு, ‘இரண்டு அங்கங்களில் ஒரு சோக நகைச்சுவை’. அந்தப் பெயரோடு படியுங்கள்.

ஒரே இடம், ஒரே பேச்சு. நம் மரபில் இப்படி ஏதாவது உண்டா?

தெருக்கூத்து இருக்கிறதே! டர்பன் இருக்கும் நட்டாலில் அதை ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். ஆறடி இடத்துக்குள் விடிய விடிய ஆட்டம். அப்பா சின்ன வயதில் பார்த்ததைச் சொல்வார். ராஜா வேஷம் இன்னும் கட்டி முடியவில்லை, சனம் காத்திருக்கிறது. கட்டியங்காரன் தனியாக நின்று மத்தளக்காரரோடு வாய்ச்சண்டை போட்டு, ராஜா வர்றார் வர்றார் என்று சொல்லியே அரைமணி நேரத்தை ஓட்டுவான். சிறுவர்களுக்கு அந்த அரைமணி நேரம்தான் பிடிக்குமாம். ராஜா வந்துவிட்டால் தூங்கிவிடுவார்கள். விளாதிமிரும் எஸ்ட்ரகனும் தொப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் இடத்தைப் படிக்கும்போது இரண்டு கட்டியங்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவே சிறந்த வழிகாட்டி, விமர்சன நூல்கள் அப்புறம்.

எந்த மொழியில் படிப்பது நல்லது?

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியதும் பெக்கெட்தான். அதனால் ஆங்கிலப் பதிப்பைத் தயங்காமல் எடுக்கலாம், சொற்களும் எளியவை. நாங்கள் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, கனமான வரிகளைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். நாடகத்தின் முதல் வரிக்கே ஒரு மணி நேரம் போனது. பூட்சைக் கழற்ற முடியாமல் எஸ்ட்ரகன் சொல்கிற வரி அது. ‘செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்றான் கல்லூரிப் பையன். அது நேரம் போகாதவன் பேச்சு. கடைசியில் ஒரு அம்மா, “ஒண்ணும் பண்ண முடியாதுப்பா” என்று பெருமூச்சோடு சொன்னார். கூட்டம் அதை ஒப்புக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் நாம் சொல்கிற வார்த்தை அது.

மரத்தில் தூக்குப் போட்டுக்கொள்வது பற்றிப் பேசுகிறார்கள். என் மகளுக்குப் படிக்கக் கொடுக்கலாமா?

இரண்டு அங்கத்திலும் அந்தப் பேச்சு வருகிறது. கடைசியில் எஸ்ட்ரகன் கால்சட்டையைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்கிறான், கால்சட்டை கழன்று விழுகிறது, கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்கள், அது அறுந்துபோகிறது. அரங்கில் சிரிப்பு வரும். ஆனால் மனம் உடைந்திருக்கும் ஒருவர் தனியாக இரவில் படித்தால் சிரிப்பு வராது. உங்கள் மகள் அப்படி இருப்பதாகத் தோன்றினால் புத்தகம் இருக்கட்டும், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். நன்றாக இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம், நீங்களும் கூடவே படியுங்கள்.

அவளுக்கு ஓரிடத்தைக் குறித்துக் கொடுங்கள். இரண்டாம் அங்கத்தில் எஸ்ட்ரகன் உட்கார்ந்தபடியே தூங்கப் பார்க்கிறான். விளாதிமிர் தாலாட்டுப் பாடுகிறான். முதலில் சத்தமாகப் பாடிவிட, மற்றவன் கோபமாக நிமிர்கிறான். அப்புறம் மெதுவாகப் பாடுகிறான். அவன் தூங்கியதும் தன் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போர்த்துகிறான். பிறகு குளிர் தாங்காமல் கைகளை வீசி வீசி நடக்கிறான். வசனமே இல்லை, அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறிப்பு மட்டும்தான். இந்த நாடகம் எதைப் பற்றியது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுவேன்.

முழுக்கப் படித்தேன், வாய்விட்டும் படித்தேன். இன்னும் பிடிக்கவில்லை.

சரி. பிடிக்கத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் சொந்தத் தங்கைக்கே பிடிக்கவில்லை. நோபல் பரிசு (1969) வாங்கினவர் என்பதற்காகத் தலையாட்ட வேண்டாம். எந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று பென்சிலால் கோடு போட்டுக் கொண்டு வாருங்கள். போன தடவை அப்படிக் கோடு போட்டு வந்த ஒருவரால்தான் இரண்டு மணி நேரம் பேச முடிந்தது.

கடைசியில் போகலாம் என்கிறார்கள், ஆனால் போகவில்லை. இது என்ன முடிவு?

இரண்டு அங்கமும் இப்படியே முடிகிறது. ஒருவன் போகலாமா என்கிறான், மற்றவன் சரி போகலாம் என்கிறான். அவர்கள் அசையவில்லை என்று குறிப்பு. முதல் அங்கத்தில் கேட்பவன் எஸ்ட்ரகன், இரண்டாவதில் விளாதிமிர். இந்த இடமாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை.

போன கூட்டத்தில் கடைசி வரியைப் படித்து முடித்தபோது மணி ஒன்பது. கிளம்பலாமா என்றேன். சரி, கிளம்பலாம் என்றார்கள். பிளாஸ்கில் இன்னும் தேநீர் இருந்தது. மாமாதான் முதலில் கப்பை நீட்டினார்.